பக்கத்து வீட்டுச் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

உறையின் பின்பக்கத்தில் இருக்கும் விலாசத்தைப் பார்த்ததும் நீ திடுக்கிட்டிருப்பாய். எழுதும்போது நானும் இரண்டு தரம் நிறுத்தித்தான் எழுதினேன். தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், நாலாம் நம்பர் லயம், ஆறாம் காம்பரா. கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வரிசை வீட்டுக் காம்பராவில்தான் குடியிருக்கிறேன். ஆபீஸ் தாள்களில் கிளார்க் ஐயா இந்த விலாசத்தை எழுதியிருக்கிறார். நானாக, என் கையால், ஒரு காகிதத்தில் முழுதாக எழுதியது இதுதான் முதல் தடவை. ஏன் இத்தனை காலம் எழுதவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிக்கலாம். கொழும்பில் உன் மாமா முதலில் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒளித்தது போதும்.

செவ்வாய்க்கிழமை காலையில், "படிப்பு இனி வேணாம்மா, மாமா கடையில வேல இருக்காம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். வாங்கி மூன்று நாள்கூட ஆகாத லெப்டொப் டிரங்குப் பெட்டியின் மேல் அப்படியே கிடந்தது. மூன்று வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் ஒன்லைன் வகுப்பில் படித்தாய். பட்டத்துக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வாய்மொழிப் பரீட்சை. அதை விட்டுவிட்டு மாமா கடையில் சாமான் அடுக்கப் போகிறேன் என்கிறாய். ஏன் போனாய் என்று எனக்குத் தெரியாது என நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும் தம்பி. சனிக்கிழமையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட ஒவ்வொன்றும் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை நாம் இரண்டு பேரும் றொசல்லையில் ரயிலேறி ஹட்டனுக்குப் போனோம். உன் அப்பாவுக்கு அன்றைக்கு ஃபெக்டரியில் வேலை. மாடியில் இருக்கும் அந்தக் கடையில் கடைக்கார மாத்தையா கண்ணாடி மேசை மேல் இரண்டு லெப்டொப்புகளை எடுத்து வைத்தார். இரண்டும் யாரோ பாவித்தவை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளி நிறத்தில் மெலிதாக ஒன்று, கறுப்பு நிறத்தில் தடியாக ஒன்று. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகும் குழந்தைகளை மாதாமாதம் நிறுத்துப் பழகிய கை என்னுடையது. இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். வெள்ளி நிறத்தது ஆறு மாதப் பிள்ளை மாதிரி கைக்கு அடக்கமாக இருந்தது. கறுப்பு கனம். வெள்ளி நிறத்ததில் பெட்டரி ஐந்து மணித்தியாலம் நிற்கும், கெமரா நன்றாக வேலை செய்யும், ஆனால் திரை சின்னது, கொஞ்சம் மெதுவாக ஓடும் என்றார் மாத்தையா. கறுப்பில் திரை பெரிது, வேகம் கூட. பெட்டரி இரண்டு மணித்தியாலம் நின்றால் பெரிய விஷயம், கெமரா செத்துவிட்டது. மனுஷன் ஒன்றையும் மறைக்கவில்லை.

நமக்கு எது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காற்றடித்து ஒரு மரக்கொப்பு முறிந்தால் நம் லயத்துக்கு அரை நாள் கரண்ட் கிடையாது. ஐந்து மணித்தியாலம் நிற்கிற பெட்டரியை விட்டுவிட்டு யாராவது இரண்டு மணித்தியாலத்தை எடுப்பார்களா? நீ எடுத்தாய். கறுப்பின் மேல் கையை வைத்தவன் கையை எடுக்கவேயில்லை. "ஏன் தம்பி, கரண்ட் போனா என்ன செய்வ?" என்று கேட்டேன். "ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காதும்மா. இதுலதான் ரேம் கூட" என்றாய். ரேம் என்றால் எனக்கு விளங்காதுதான். வாயை மூடிக்கொண்டு சுவரில் தொங்கிய பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்த மாத்தையா உன்னிடம் சிங்களத்தில், ஒரு மணித்தியாலம் பொறுத்தால் கறுப்பு லெப்டொப்புக்கு வேறு கெமரா போட்டுத் தருகிறேன் என்றார். நீயும் சிங்களத்தில் பதில் சொன்னாய். போட வேண்டாம், கெமரா வேலை செய்யாததுதான் எனக்கு வேண்டும் என்றாய். அவர் உன்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ குரலை இன்னும் தாழ்த்தி, "அம்மாட்ட கியன்ன எப்பா" என்றாய். அம்மாவிடம் சொல்ல வேண்டாமாம்.

எனக்குச் சிங்களம் தெரியும் தம்பி. நீ இதைப் படித்து வாயைப் பிளப்பது எனக்குத் தெரிகிறது. பதினெட்டு வருடமாகப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்துபோகும் மருத்துவிச்சி நோனாவுக்குத் தமிழில் "பால்", "காய்ச்சல்", "சரி" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் வராது. பிறகு எந்தப் பாஷையில் நாங்கள் இரண்டு பேரும் இத்தனை பிள்ளைகளின் கதையைப் பேசியிருப்போம் என்று நீ நினைக்கிறாய்? நீ பத்து வயதில் ஆஸ்பத்திரியில் முதல்முதலாக எனக்காகச் சிங்களத்தில் பேசினாய். பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, பெரிய மனுஷன் மாதிரி, "அம்மா, இந்த மருந்த சாப்பாட்டுக்குப் பொறகு குடிக்கணுமாம்" என்று விளக்கம் சொன்னாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, எனக்கே விளங்கியது என்று சொல்ல மனசு வரவில்லை. அதற்கப்புறம் தபால் கந்தோரில், பேங்கில், எங்கே போனாலும் நீ மொழிபெயர்த்தாய், நான் தலையாட்டினேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நான் போட்ட சின்ன வேஷம் அது. அந்த வேஷத்துக்குள் நின்றுகொண்டுதான் சனிக்கிழமை நீ சொன்னதைக் கேட்டேன்.  கறுப்பு லெப்டொப்பைப் பையில் போட்டு என் கையில் தந்தபோது வாங்கக்கூடக் கை நீட்டவில்லை, கவனித்தாயா?

ரயிலில் வரும்போது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பத்து மாதக் குழந்தை பசிக்கு அழுகிறதா, பாசாங்குக்கு அழுகிறதா என்று வெளி இஸ்தோப்புத் திண்ணையில் நின்று கேட்கும்போதே சொல்லிவிடுகிறவள் நான். இந்த டிவிசனில் என் கையில் வளராத பிள்ளை கிடையாது. என் சொந்தப் பிள்ளை மூன்று வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறான், நான் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன். முன்பு போனில் வகுப்பு எடுத்த காலத்தில் நீ தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேட்டுக்குக் குடையோடு ஏறிப் போவாய். சிக்னல் அங்கேதான் கிடைக்கிறது என்றாய். நம்பினேன். இந்தப் பக்கம் போன் கோபுரம் வைத்து வீட்டுக்குள்ளேயே சிக்னல் வந்த பிறகும் நீ மேட்டுக்குத்தான் போனாய். அட்டை கடித்து இரத்தம் வடிய வடிய வந்து நிற்பாய். "எம் புள்ளைக்குப் படிப்புன்னா உசிரு" என்று நான் லயமெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அதைவிடப் பெரிய அடி விழுந்தது. மழை கொட்டியதால் நீ வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தாய். புது லெப்டொப்பின் சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவோ என்னவோ, காதில் ஒன்றும் மாட்டவில்லை. நான் பின்னால் அடுப்படியில் இருந்தேன். வகுப்பெடுக்கும் உன் சேர் பேசுவது தெளிவாகக் கேட்டது. அடுத்த கிழமைக்கு மறு கிழமை, அதாவது பதினாலாம் நாள் ஞாயிறு பத்து மணிக்கு வாய்மொழிப் பரீட்சை, எல்லாரும் கெமராவைப் போட வேண்டும், பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை என்பதற்கு அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும், பின்னால் கடற்கரைப் படம் பூந்தோட்டப் படமெல்லாம் போடக் கூடாது என்றார். நீ, "சேர், என்ட லெப்டொப்ல கெமரா வேல செய்யாது" என்றாய். அதற்குத்தானே அதை வாங்கினாய். அவர், "அப்படின்னா வேற ஒன்று தேடிக்கொள்ளுங்க தம்பி, இன்னும் ரெண்டு கிழமை இருக்கே. கெமரா இல்லாட்டிப் பரீட்சை இல்ல" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றாமல், பழக்க தோஷத்தில், "தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிட்டுவிட்டேன். என் தொண்டைதான் உனக்குத் தெரியுமே, முப்பது பிள்ளைகளின் அழுகைக்கு மேலே கேட்டுப் பழகிய தொண்டை. சேர் சிரித்துக்கொண்டே, "யாரது, அம்மாவா கூப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

"இல்ல சேர். அது பக்கத்து வீட்டுச் சத்தம்" என்றாய்.

கையில் இருந்த கோப்பையை நான் போடவில்லை. கதைகளில்தான் கோப்பை விழும். அதைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்துகொண்டேன். நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாக இருந்தது. நீ வகுப்பு முடிந்து வந்து, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கூப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாய். "இல்லையே" என்றேன். நீயும் பொய் சொன்னாய், நானும் பொய் சொன்னேன். திங்கட்கிழமை முழுக்க இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை நீ போய்விட்டாய்.

உண்மையைச் சொன்னால், நீ போன அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் அப்பா ஃபெக்டரியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கடையில் நடந்ததையும் வகுப்பில் நடந்ததையும் ஒன்று விடாமல் கொட்டினேன். பெற்ற தாயைப் பக்கத்து வீடு என்கிறான், வீட்டைக் காட்ட வெட்கப்படுகிறான், இவனையா சுமந்து பெற்றேன் என்று புலம்பினேன். மனுஷன் தேயிலைத் தூசு படிந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார்.  "என்ன தெரியும்?" என்றேன். "அவன் டவுன்ல இருக்கேன்னு சொல்லித்தான் படிக்கிறான்னு தெரியும்." "தெரிஞ்சுமா நீங்க பேசாம இருந்தீங்க?" அப்போதுதான் திரும்பினார். "நீதான புள்ள சொல்லிக் குடுத்த. தாயப் போல புள்ள, நூலப் போல சேல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆறாம் ஆண்டுக்கு உன்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நினைத்தபோது, தோட்டத்து விலாசம் போட்டால் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். உண்மையா பொய்யா என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்கப் பயம். நமக்குச் சட்டை தைத்துத் தரும் டவுன் தையல்கடை அண்ணனிடம் கெஞ்சி அவர் கடை விலாசத்தை வாங்கினேன். நம் வீட்டுக்கு வரவேண்டிய கடிதங்களும் அன்றிலிருந்து அங்கேதான் வந்தன. தோட்டத்து ஆபீசுக்கு வந்தால் அது கைக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்று நான் ஊருக்குச் சொன்ன காரணமும் பொய்யில்லை. ஆனால் அது முழுக் காரணமும் இல்லை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் உன்னை நிறுத்தி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். "வீடு எங்கன்னு கேட்டா?" "டவுன்ல." "லயமா?" "இல்ல, கடைக்கு மேல வீடு." நீ ஒருமுறை தடுமாறி லயம் என்று சொன்னபோது காதைத் திருகினேன். தொட்டில்களில் இருந்த பிள்ளைகள்தான் சாட்சி.

இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளையின் படிப்புக்காகச் செய்தேன் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். ஆனால் உன் அப்பா அடுத்ததாகச் சொன்னது நான் மறந்தே போனது. மறந்தேனா, மறைத்தேனா தெரியவில்லை. "பரிசு வாங்குன அன்னைக்கு நீ டீச்சர்கிட்ட சொன்னத அவன் வந்து எங்கிட்ட சொன்னான்" என்றார். "என்ன சொன்னேன்?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

ஏழாம் ஆண்டில் நீ கணிதத்துக்குப் பரிசு வாங்கினாய். நான் பிள்ளைக்காம்பராவைக் கூட வேலை செய்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அன்றைக்கும் மழை. சேலை விளிம்பெல்லாம் சேறு, கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மற்ற அம்மாமார் எல்லாம் சென்ட் பூசி, கைப்பை போட்டு வந்திருந்தார்கள். நீ பரிசை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் ஓடி வந்தாய். உன் வகுப்பு டீச்சர் பின்னாலேயே வந்து, "நீங்கதான் இவரோட அம்மாவா? டவுன்ல எந்தக் கடை உங்களுடையது?" என்று அன்பாகத்தான் கேட்டார். என் காலைப் பார்த்தேன், சேலையைப் பார்த்தேன். கடைக்கு மேல் வீட்டில் இருக்கிறவளின் காலை எந்த அட்டை கடிக்கும்? எல்லாம் வெளியில் வந்துவிடும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, "இல்லைங்க டீச்சர். நான் பக்கத்து வீடு. அவங்க அம்மாவுக்குக் கொஞ்சம் சொகமில்ல" என்றேன்.

நீ என் பக்கத்தில் நின்றாய். பன்னிரண்டு வயது. என் கையைப் பிடித்திருந்த உன் கை, நான் அதைச் சொன்ன பிறகு தளர்ந்ததா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வரும் வழியில் ஐஸ்பழம் வாங்கித் தந்தேன், நீ சாப்பிட்டாய். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, நல்லகாலம் என்று நினைத்துக்கொண்டேன். விளங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "அம்மா என்ன பக்கத்து வீட்டுப் புள்ளன்னு சொன்னாங்க" என்று சொல்லியிருக்கிறாய். நான் சொன்னது அப்படி இல்லை. நான் என்னைத்தான் பக்கத்து வீடு என்றேன். உனக்கு அது உன்னை மறுத்த மாதிரி கேட்டிருக்கிறது. உனக்குக் கேட்டதுதான் சரி. இதை உன் அப்பா பதினொரு வருடமாக நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா நீ சோறு தின்ன மாட்ட" என்கிறார். உண்மைதான், செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னை மன்னித்துவிடு தம்பி. நான் செய்தது தப்பு. அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை என்றெல்லாம் சொல்லிப் பூசி மெழுக மாட்டேன். வேறு வழி இருந்ததா என்று நான் தேடிப் பார்க்கவேயில்லை, அதுதான் உண்மை. பொய் சொன்னாவது நீ மேலே போக வேண்டும் என்று நினைத்தேன். நீ மேலே போகப் போக அந்தப் பொய்யும் கூடவே ஏறி வரும் என்று தோன்றவில்லை. இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை உன் அப்பா பேசி முடித்த கையோடு எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? "டவுன்ல யார் வீட்டையாவது ஒரு நாளைக்குக் கேட்டா, அவன் அங்க இருந்து பரீட்சையச் செஞ்சிடலாம்ல?" என்றேன். உன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். நானும் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

உன் வெட்கத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கந்தோரில் நான் வரிசையில் நின்றபோது விலாசத்தைக் கேட்ட ஒருவர், கேட்டு முடித்ததும் என் தாளை அடியில் வைத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். தோட்டக்காட்டான் என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். ஆனால் உன் சேர் அப்படிப்பட்டவர் என்று உனக்கு யார் சொன்னது? "அம்மாவா கூப்பிடுறாங்க" என்று அவர் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. அதில் ஏளனம் ஒன்றும் இல்லை. அந்த டீச்சரின் குரலிலும் இருக்கவில்லை. கேட்கிறவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள், நம் வாயில்தான் பதில் தயாராக இருந்தது.

நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கறுப்பு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு தனியாக ஹட்டனுக்குப் போனேன். ஏழு நாளைக்குள் பிழை இருந்தால் மாற்றித் தருவேன் என்று அந்த மாத்தையா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். படியேறிப் போய், சிங்களத்தில், இதை வைத்துக்கொண்டு அன்றைக்குக் காட்டிய வெள்ளி நிறத்ததைத் தாருங்கள் என்றேன். அவர் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றுவிட்டது. "அம்மாவுக்குச் சிங்களம் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்படியானால் அன்றைக்கு…" என்று இழுத்தார். எல்லாம் கேட்டது என்றேன். பாவம், காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. இதில் என்ன பிழை என்று எழுதுவது என்று பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். கெமரா இல்லை என்று எழுதுங்கள், என் மகன் வீட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது என்றேன். அவர் பில்லை எழுதிக் கிழித்துத் தந்தார். கெமராவை எப்படித் திறப்பது என்று இரண்டு தரம் காட்டிக் கொடுத்து, மூன்றாம் தரம் என்னையே திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டியின் மேல் நீ வைக்கும் இடத்திலேயே அதை வைத்து, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, திறந்தேன். திடீரென்று திரையில் ஒரு பொம்பளை. பயந்து பின்னால் சாய்ந்தேன், அவளும் சாய்ந்தாள். நான் இவ்வளவு கிழடாகிவிட்டேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே தம்பி. கண்ணாடியில் நான் பொட்டை மட்டும்தான் பார்ப்பேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் போன பிறகுதான் எனக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தேன். நீல வர்ணம் உரிந்த சுவர், ஆணியில் உன் அப்பாவின் சட்டை, ஒழுகும் இடத்தில் கூரைக்குக் கீழே கட்டிய பிளாஸ்டிக் தாள், சாமிப்படம், அதற்குப் பக்கத்தில் நீ வாங்கிய சான்றிதழ்கள் எட்டு. அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், பொய்யை விட்டுவிட்டேன். ஆனால் இதை மறைக்கவா இரண்டு பேரும் இத்தனை வருடம் இந்தப் பாடு பட்டோம் என்று எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அது ஒரு வீடு, அவ்வளவுதான். உன் அப்பா வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நிற்கிற மாதிரி இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தோம். அப்புறம் அவர் போய்ச் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு வந்தார், பரீட்சைக்கு முன்னால் சுவருக்கு அடித்துவிடலாமாம். தீபாவளிக்கு அடிக்கிற சுண்ணாம்பைத் தீபாவளிக்கே அடிக்கலாம் என்று சொல்லி வாளியைத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

அதனால் எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நீ மாமா கடையில் வேலை செய்வது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. அங்கேயே இருக்க விரும்பினால் இரு. ஆனால் இந்தக் காம்பராவுக்குப் பயந்து அங்கே இருக்காதே. இதைவிடப் பெரிய இடங்களில் உட்கார்ந்து நீ இதைவிடப் பெரிய பொய் சொல்ல வேண்டி வரும். நாளைக்கு ஒரு பெண்ணைக் கட்டுவாய், அவள் வீட்டாரிடம் எந்தத் தையல்கடையின் விலாசத்தைக் கொடுப்பாய்? அந்த அண்ணனும் கடையை மூடிவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது. பரீட்சை இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு. சனிக்கிழமை காலை ரயிலில் ஏறினால் பொழுதோடு றொசல்லையில் இறங்கலாம். உன் அப்பா குடையோடு வந்து நிற்பார். நீ வராவிட்டாலும் அவர் வந்து நிற்பார், அது அவர் சுபாவம்.

லெப்டொப்பில் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் ஐந்து மணித்தியாலம் நிற்கும். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னால் மெதுவாகக் காட்டு, உன் அப்பாவின் சட்டையை நான் எடுத்து மறைத்து வைக்கப்போவதில்லை. பரீட்சை நேரத்தில் சத்தம் போடாமல் இருப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. கேள்வியெல்லாம் முடியட்டும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். முடிந்ததும், சேர் இன்னும் இருக்கும்போதே, அடுப்படியிலிருந்து, "தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்று என் தொண்டையில் கூப்பிடுவேன். யாரது என்று அவர் மறுபடியும் கேட்பார்.

நான் அடுப்பங்கரையில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாலாம் நம்பர் லயம், ஆறாம் காம்பரா